வகுப்பறையில் கேப்ஷன் உதவவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

காது கேளாத அல்லது குறைவாகக் கேட்கும் மாணவர் ஒருவராவது இருக்கும் சாதாரண வகுப்பறைக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் வழக்கமாகக் கைக்குக் கிடைப்பதை வைத்தே பேசுவோம்: ஒரு ஆண்ட்ராய்டு போன் அல்லது டேப்லெட், அதில் பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாக, அதாவது கேப்ஷனாக, காட்டும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி, முடிந்தால் ஒரு காலர் மைக், முடிந்தால் ஒரு ப்ரொஜெக்டர் அல்லது ஸ்மார்ட் போர்டு. லைவ் டிரான்ஸ்கிரைப் 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. அமெரிக்காவில் காது கேளாதோருக்கென்றே நடக்கும் கல்லோடெட் பல்கலைக்கழகத்தின் துணையோடு உருவானது. தமிழிலும் இயங்கும், காசு கிடையாது. நீங்கள் வேறு செயலி வைத்திருந்தாலும் கீழே வருவதில் பெரும்பகுதி பொருந்தும்.

கேப்ஷன் சரியில்லை என்றதும் எல்லாரும் முதலில் செயலியை மாற்றுகிறார்கள். நான் பார்த்த வகுப்புகளில் கோளாறு பெரும்பாலும் செயலிக்கு முன்னாலோ பின்னாலோதான் இருந்தது. முன்னால் என்றால் மைக்கும் அறையும். பின்னால் என்றால் திரைக்கும் மாணவரின் கண்ணுக்கும் நடுவில் நடப்பது. அதனால் முதலில் ஒலி, அப்புறம் செயலி, அப்புறம் கண் என்ற வரிசையில் பாருங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. மைக்கைக் கழற்றிவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை நிதானமாகப் படியுங்கள். எழுத்து ஓரளவு சரியாக வந்தால் செயலி, மொழி, இணையம் மூன்றும் நலம்; குறை மைக்கிலோ அறையிலோ இருக்கிறது. ஒரு சாண் தூரத்திலேயே தப்பும் தவறுமாக வந்தால் மொழித் தேர்வையும் இணையத்தையும் பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் அடுத்த பகுதி உங்களுக்கு.

எழுத்தே வரவில்லை

செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று போன் அமைப்புகளில் பாருங்கள். வேறு செயலி மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். பின்னணியில் வாட்ஸ்அப் அழைப்போ ஆன்லைன் கூட்டமோ ஓடினால் முழுவதுமாக மூடிவிட்டு மறுபடி திறக்கவும்.

போன் மைக்கில் எழுத்து வருகிறது, காலர் மைக்கைச் செருகியதும் நின்றுவிடுகிறது என்றால் பிளக்கின் உலோக முனையைக் கவனியுங்கள். அதில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது கேமராவுக்கான கம்பி. போனின் வட்டத் துளைக்கு மூன்று வளையம் உள்ள பிளக் வேண்டும். இரண்டு வளையக் கம்பியைச் செருகினால் ஒன்றும் கேட்காது, அல்லது போன் அதைப் பொருட்படுத்தாமல் தன் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. எழுத்து வருவதால் காலர் மைக் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். எது கேட்கிறது என்று கண்டுபிடிக்க, ஆசிரியர் சட்டையில் மாட்டியிருக்கும் மைக்கை விரலால் லேசாகச் சுரண்டுங்கள். செயலியின் மேல் மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் இருக்கும். உள்வட்டம் அறையின் இரைச்சலையும் வெளிவட்டம் பேச்சொலியையும் காட்டுகிறது. சுரண்டும்போது வட்டம் துள்ளினால் மைக் இணைந்திருக்கிறது. துள்ளாவிட்டால் போனின் சொந்த மைக்தான் கேட்கிறது.

டைப்-சி வழியாகச் செருகும் கம்பியில்லா மைக்கின் ரிசீவர் என்றால், சில போன்களில் ஓடிஜி என்ற வெளிக்கருவி இணைப்பை அமைப்புகளில் தனியாக இயக்க வேண்டும். சும்மா இருந்தால் சில நிமிடத்தில் அது தானாக அணைந்தும் போகும். முதல் பாடவேளையில் வேலை செய்து மூன்றாவதில் நின்றுபோகும் மைக்குக்கு இது அடிக்கடி காரணம். மற்றொரு காரணம் சார்ஜ். சட்டையில் மாட்டும் பாகத்தைச் சார்ஜ் போட வேண்டும்; பலர் மறந்துவிடுகிறார்கள்.

எழுத்து வருகிறது, பாதி தப்பாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பெரும்பாலும் தூரத்தால் வருவது.

வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் நேரடியாக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 15 சென்டிமீட்டரில் இருக்கும் காலர் மைக்கையும், 5 மீட்டர் தள்ளி மாணவரின் மேஜையில் கிடக்கும் போனையும் ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 30 டெசிபல். மூடிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் மொத்த ஒலி அவ்வளவு குறையாது. ஆனால் அந்தத் திரும்பி வரும் ஒலி எழுத்துக்கு உதவாது, சொற்களின் விளிம்பைக் கலைத்துவிடும். காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்று இருக்கும் நம் வகுப்பறைகள் இந்த விஷயத்தில் மிகவும் கடினமானவை. அமெரிக்காவின் வகுப்பறை ஒலித் தரநிலை, ஆளில்லாத சாதாரண அளவு வகுப்பில் எதிரொலி அடங்கும் நேரம் 0.6 நொடியையும் பின்னணி இரைச்சல் 35 டெசிபலையும் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. குறைவாகக் கேட்கும் மாணவருக்கு ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்று செவித்திறன் வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். கேப்ஷன் செயலிக்கும் குரல் இரைச்சலைவிட மேலே இருக்க வேண்டும்.

சரி, வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனால் மற்ற எல்லாவற்றையும் ஓரளவு சமாளிக்கலாம். தாடைக்கு ஒரு சாண் கீழே, சட்டையின் நடுப் பட்டையிலோ, சேலை என்றால் தோள் மடிப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளியோ மாட்டுங்கள். தாலிச் செயின், அடையாள அட்டைக் கயிறு, துப்பட்டா இவை மைக்கில் உரசக் கூடாது. உரசும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் போய்விடும். எப்போதும் சில சொற்கள் மட்டும் விட்டுவிட்டு வருகிறது என்றால் முதலில் கயிற்றைப் பாருங்கள்.

காலர் மைக் வாங்க வழியில்லை என்றால் அந்த போனையே ஆசிரியரின் மேஜையில் வைத்து, திரையை ப்ரொஜெக்டரில் காட்டுங்கள். மாணவரின் மேஜையில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். அறைக்குள் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது: பின்சுவரில் துணி ஒட்டிய அறிவிப்புப் பலகை, ஜன்னலுக்குத் தடித்த திரை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை, ஆடி ஆடிச் சத்தமிடும் ஃபேனுக்கு ஒரு மெக்கானிக்.

தமிழில் பேசினால் சரி, பாடச் சொற்கள் மட்டும் சிதைகின்றன

நம் வகுப்பில் யாரும் ஒரே மொழியில் பேசுவதில்லை. “இந்த ஈக்வேஷனை சிம்ப்ளிஃபை பண்ணுங்க” என்ற வாக்கியத்தில் சட்டகம் தமிழ், சரக்கு ஆங்கிலம். லைவ் டிரான்ஸ்கிரைப்பில் முதன்மை மொழி, இரண்டாம் மொழி என இரண்டு வைத்துக்கொண்டு கீழே உள்ள பொத்தானால் மாற்றலாம். ஆனால் வாக்கியத்துக்கு நடுவில் மாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. வினைச்சொல் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அது தமிழ்தான், ஆங்கில வழி வகுப்பாக இருந்தாலும்கூட. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் பேசினால் திரையில் வருவது யாருக்கும் பயன்படாது.

பாடச் சொற்களுக்கு, செயலியின் அமைப்புகளில் சொந்தச் சொற்களைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. பாடம் தொடங்கும் முன் அந்தப் பாடத்தின் பெயர்களையும் கலைச்சொற்களையும் அதில் சேருங்கள். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. அன்றைய சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து, அந்தச் சொல் வரும்போது விரலால் தொட்டுக் காட்டுங்கள். செயலி எப்படிச் சிதைத்தாலும் மாணவர் சரியான சொல்லைப் பிடித்துக்கொள்வார். கேட்கும் மாணவர்களுக்கும் எழுத்துப்பிழை குறையும்.

இங்கே கவனம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. “நீரில் கரையும்”, “நீரில் கரையாது” இரண்டுக்கும் வித்தியாசம் வாக்கியத்தின் வாலில் இருக்கும் ஓரிரு எழுத்துகள். ஆசிரியர்கள் குரலை இறக்கி முடிப்பதும் அதே இடத்தில்தான். பத்துச் சொல்லில் ஒன்பது சரியாக வந்து, பத்தாவது தவறினால் பாடம் தலைகீழாகிவிடும். மாணவர் அதைத் தேர்வில் எழுதும் வரை யாருக்கும் தெரியாது. ஆகவே வாக்கியத்தின் முடிவில் குரலை விழவிடாதீர்கள். இல்லை, முடியாது, கூடாது, தவிர என்று வரும் விஷயங்களையும், எண்களையும், தேதிகளையும் பலகையில் எழுதிவிடுங்கள். கேப்ஷன் எவ்வளவு நன்றாக வந்தாலும் இந்த வழக்கத்தை விட வேண்டாம்.

எழுத்து துல்லியம், ஆனால் பொருள் இல்லை

“இதிலிருந்து இதைக் கழிச்சா இது வரும், பார்த்தீங்களா?” கேப்ஷன் இதை ஒரு பிழையும் இல்லாமல் எழுதித் தரும். ஆனால் மாணவர் திரையைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆசிரியரின் விரல் பலகையில் மூன்று இடத்துக்குப் போய் வந்துவிட்டது. கணக்கு, வரைபடம், ஆய்வகம் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரும். செயலியில் இதற்கு மருந்து கிடையாது. பெயர் சொல்லிப் பேச வேண்டும்: “இரண்டாவது சமன்பாட்டிலிருந்து முதலாவதைக் கழித்தால்”. பலகையில் வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு வைத்தால் சொல்வதும் எளிது. ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

எழுத்து தாமதமாக வருகிறது

இரண்டு நொடி, மூன்று நொடி தாமதம் இயல்பு. அதற்கு மேல் இழுத்தால் இணையத்தைப் பாருங்கள். பள்ளி வைஃபையில் எல்லா மேஜைக் கணினியும் ஓடும் நேரத்தில் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள். ஜன்னலோரம் சிக்னல் நன்றாக இருந்தால் போனை அங்கே வைத்து, மைக்கை மட்டும் ஆசிரியரிடம் விடுங்கள்.

மிச்சமிருக்கும் அந்த இரண்டு மூன்று நொடியை யாராலும் போக்க முடியாது. மனிதர் தட்டச்சு செய்தாலும் அவ்வளவு ஆகும். அதற்குள் வகுப்பில் என்ன நடக்கிறது? கேள்வி கேட்ட மறுகணமே முன்வரிசையில் ஒருவர் பதில் சொல்லிவிடுகிறார். காது கேளாத மாணவர் கேள்வியைப் படித்து முடிக்கும்போது பதில் முடிந்து அடுத்த விஷயம் ஓடிக்கொண்டிருக்கும். வருஷம் முழுக்க இப்படியே போனால் பதில் தெரிந்தாலும் கையைத் தூக்கும் பழக்கமே அவருக்கு விட்டுப்போகும். ஆகவே கேள்வி கேட்டதும் ஐந்து நொடி சும்மா இருங்கள். கை தூக்கியவர்களில் ஒருவரை நீங்கள் கூப்பிட்ட பிறகே பதில் வரட்டும். அந்த மௌனம் ஆசிரியருக்கு முதலில் நீளமாகத் தெரியும். மாணவருக்கு அது கட்டாயம் வேண்டும்.

தாமதத்தோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, எழுத்து வந்த பிறகு தன்னைத் தானே திருத்திக்கொள்வது. செயலி முதலில் ஒரு ஊகத்தைக் காட்டி, அடுத்த சொற்களைக் கேட்டபின் மாற்றும். கடைசி வரியையே துரத்திப் படித்தால் கண் களைத்துப்போகும். எழுத்தைப் பெரிதாக்கி, கடைசி வரிக்கு ஒரு வரி மேலே படிக்கும்படி மாணவரிடம் சொல்லிக் காட்டுங்கள்.

கேப்ஷன் நன்றாக வருகிறது, மாணவர் பின்தங்குகிறார்

இந்த நிலைமையில்தான் பல பள்ளிகள் “எல்லாம் செய்து கொடுத்துவிட்டோம்” என்று நிறுத்திவிடுகின்றன. வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

முதலில் மாணவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் பார்க்க வேண்டியவை எத்தனை? ஆசிரியர் முகம், பலகை, கேப்ஷன் திரை, தன் நோட்டு. கேட்பவர் காதால் கேட்டுக்கொண்டே எழுதலாம். இவர் எழுதக் குனிந்தால் கேப்ஷன் ஓடிவிடும். மேஜையில் படுக்க வைத்த டேப்லெட்டுக்கும் பலகைக்கும் மாறி மாறித் தலையைத் தூக்கி இறக்குவது ஒரு பாடவேளைக்குள்ளேயே களைப்பைத் தந்துவிடும். டேப்லெட்டை ஒரு ஸ்டாண்டில் நிமிர்த்தி, அவர் கண்ணிலிருந்து பார்த்தால் பலகைக்குப் பக்கத்திலேயே தெரியும்படி வையுங்கள். ஸ்மார்ட் போர்டில் காட்டினால் எழுத்து மேல்பக்கம் வரட்டும். கீழே வந்தால் முன்வரிசைத் தலைகள் மறைக்கும்.

பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதி, நிறுத்தி, திரும்பி, அப்புறம் பேசுங்கள். வரைபடத்தையோ பரிசோதனையையோ காட்டும்போது பார்ப்பதற்கு நேரம் விட்டு, பிறகு விளக்குங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டு உதட்டசைவு தெரியாது. ஓரமாக நகர்ந்து நில்லுங்கள். அதற்காக உதட்டசைவை நம்பியே பாடம் நடத்தவும் முடியாது. ‘பாலை’ என்றாலும் ‘மாலை’ என்றாலும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும்.

குறிப்பு எடுக்கும் பொறுப்பை மாணவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். நன்றாக எழுதும் ஒரு சக மாணவரின் நோட்டை நகலெடுத்துத் தாருங்கள், அல்லது கேப்ஷன் பதிவைச் சேமித்துக் கொடுங்கள். லைவ் டிரான்ஸ்கிரைப்பில் எழுத்துப் பதிவைச் (ஹிஸ்டரி) சேமிப்பதை இயக்கினால் மூன்று நாள் வரை இருக்கும். அதற்குள் நகலெடுத்து, தப்புகளைத் திருத்தி, மாணவரிடம் சேர்க்க வேண்டும். திருத்தாத பதிவைப் பாடக் குறிப்பாகத் தராதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் பின்தங்கினால் மொழியைப் பற்றி யோசியுங்கள். சைகைமொழியில் வளர்ந்த மாணவருக்கு எழுத்துத் தமிழே இரண்டாவது மொழி. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு அந்த விலக்கைப் பெற்றுப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் கல்லூரிக்கு வந்ததும் அவர் முன்னால் ஆங்கிலக் கேப்ஷனை வேகமாக ஓடவிட்டு, வசதி செய்து கொடுத்துவிட்டதாக நினைக்கிறோம். இது நியாயமே இல்லை. அவருக்குத் தேவை சைகைமொழி மொழிபெயர்ப்பாளர். கேப்ஷன் கூடவே இருக்கலாம், பெயர்களையும் கலைச்சொற்களையும் பிடித்துக்கொள்ள உதவும். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும் வரை கைகொடுக்கச் சில உண்டு. புதுதில்லியில் உள்ள இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-ல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் இருக்கின்றன, பாடச் சொற்கள் உட்பட. 2024 டிசம்பரில் பிஎம் இ-வித்யா என்ற ஒன்றிய அரசின் கல்வித் தொலைக்காட்சி வரிசையில் 31-ஆவது அலைவரிசை சைகைமொழிக்கென்றே தொடங்கியது. ஆசிரியரும் சக மாணவர்களும் அன்றைய பாடத்தின் ஐந்தாறு சைகைகளைக் கற்றுக்கொண்டு வகுப்புக்கு வந்தால் மாணவரின் முகத்தில் தெரியும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் எந்த வகை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைசிகிச்சையால் பொருத்தும் செவிக்கருவி) வைத்தும் சைகையை விரும்புகிறவர் உண்டு. சுத்தமாகக் கேட்காமலேயே எழுத்தை வேகமாகப் படிப்பவர் உண்டு. அவரிடமே கேளுங்கள்.

ஆசிரியர் பேசுவது வருகிறது, மற்ற மாணவர்கள் பேசுவது வரவில்லை

மைக் ஆசிரியரின் சட்டையில் இருக்கிறது, வேறு எப்படி வரும்? பின்வரிசைக் கேள்வியை ஆசிரியர் திருப்பிச் சொல்ல வேண்டும், யார் கேட்டார் என்ற பெயரோடு: “பின்னாடி கவிதா கேட்கிறாங்க, வேர் ஏன் கீழே போகுது?” குழு விவாதம் என்றால் மைக்கைக் கையில் கொடுத்துவிடுங்கள். மைக் வைத்திருப்பவர் மட்டும் பேசுவது என்று ஒரு விதி போதும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எந்தச் செயலியும் திணறும்.

காது மெஷினில் கீச்சென்ற சத்தம், உறுமல், அல்லது மௌனம்

கேப்ஷனோடு கொஞ்சம் கேட்கும் திறனும் சேரும்போதுதான் பல மாணவர்கள் பாடத்தைத் தொடர்கிறார்கள். அதனால் கேப்ஷன் வைத்திருக்கிறோமே என்று இதை விட்டுவிடக் கூடாது.

கீச்சென்று கேட்டால் காதுக்குள் போகும் அச்சு சரியாகப் பொருந்தவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு அச்சு சீக்கிரம் தளர்ந்துவிடும், புதிதாக எடுக்க வேண்டும். காதில் மெழுகு அடைத்திருந்தாலும் கீச்சிடும். ஒலியே இல்லை என்றால் பேட்டரி. மெஷின்களில் போடும் பட்டன் பேட்டரி காற்றுப் பட்டால்தான் உயிர் பெறும். ஸ்டிக்கரை உரித்து ஒரு சில நிமிடம் விட்டு, பிறகு போட்டால் நன்றாக உழைக்கும். பேட்டரியும் நன்றாக இருந்து ஒலி வரவில்லையென்றால் குழாய்க்குள் வியர்வை நீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கடலோர ஊர்களில் இது சகஜம். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் மெஷினை வைக்கும் பழக்கம் வேண்டும்.

மெஷினை டெலிகாயில் நிலையில் (காந்தப்புலம் வழியாக ஒலியை வாங்கும் நிலை) வைத்தால் மட்டும் உறுமுகிறது என்றால் அது அருகிலுள்ள மின்சாரக் கம்பி, யூபிஎஸ், பழைய டியூப்லைட் சோக் இவற்றின் காந்தப்புலம். மாணவரை வேறு இருக்கைக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒன்றை ஆசிரியர்கள் மறந்தே விடுகிறார்கள். குரலை நேராகக் காது மெஷினுக்கு அனுப்பும் ரிமோட் மைக்கோ, கேப்ஷன் மைக்கோ மாட்டிக்கொண்டு வெளியே போய் சக ஆசிரியரிடம் பேசினால் அது மாணவரின் காதுக்கும், ப்ரொஜெக்டர் இருந்தால் வகுப்பு முழுவதற்கும் போகும். வாசலைத் தாண்டும் முன் மைக்கை மௌனமாக்குங்கள்.

பாட வீடியோவில் கேப்ஷன் கோளாறு

கேள்விக்குறியாக வருகிறது: கேப்ஷன் எழுத்து இருக்கும் எஸ்ஆர்டி கோப்பைத் தவறான குறியாக்கத்தில் சேமித்துவிட்டார்கள். அந்த எழுத்துகள் போய்விட்டன. மூலக் கோப்பைத் தேடி எடுத்து, நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ போய் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வருகிறது: பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தது. யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

வெறும் கட்டங்கள் வருகின்றன: வீடியோ இயக்கி தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. விஎல்சி என்றால் கேப்ஷன் அமைப்பில் நிர்மலா யுஐ அல்லது லதாவைத் தேர்ந்தெடுங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நின்றால் அந்த இயக்கிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. புதிய பதிப்புக்கோ வேறு இயக்கிக்கோ மாறுங்கள்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி: தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு இடைவெளி என்றால் விஎல்சியில் ஜி, ஹெச் விசைகளால் சரிசெய்யலாம். ஒரு அழுத்துக்கு 50 மில்லிநொடி; ஹெச் எழுத்தைத் தள்ளிப்போடும், ஜி முன்னே கொண்டுவரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் இந்த விசைகள் உதவாது. நொடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்) ஓடும் வீடியோவுக்கு 23.976 பிரேமுக்கான கோப்பு வந்து சேர்ந்திருக்கும். 40 நிமிடப் பாடத்தின் முடிவில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் விலகிப்போகும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றிச் சேமித்தால் முடிந்தது.

தானியங்கிக் கேப்ஷன் உள்ள வீடியோவை வகுப்பில் போடுமுன் ஒருமுறை நீங்களே ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாடம் புரிந்தால் போடலாம். புரியாவிட்டால் திருத்திவிட்டுப் போடுங்கள். அன்று திருத்த நேரமில்லை என்றால் அந்த வீடியோவை அன்று விட்டுவிடலாம்.

ஆன்லைன் வகுப்பில் கேப்ஷன் பொத்தானே காணோம்

ஜூமில் கூட்டத்தை நடத்துபவர் முதலில் அனுமதிக்க வேண்டும். கூகுள் மீட்டில் அவரவர் திரையில் அவரவரே இயக்க வேண்டும்; பேசும் மொழியையும் அங்கேயே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவருடைய படத்தை மாணவர் ‘பின்’ செய்து திரையில் நிலையாக வைத்துக்கொள்ளட்டும்.

மாணவர் கேப்ஷனை மூடி வைத்துவிடுகிறார்

“வேண்டாம் சார், எனக்குப் புரியுது” என்று சொல்லும் மாணவர்கள் நிறைய. வகுப்பில் தன் மேஜையில் மட்டும் ஒரு கருவி இருப்பது பதின்வயதில் பெரிய பாரம். திரையை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். மற்ற மாணவர்களும் அதைப் பார்த்துத் தவறவிட்ட வரியைப் பிடித்துக்கொள்வார்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள், கேட்கும் பிள்ளைகள் உட்பட. இப்போது சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் எங்கே தடுமாறுகிறது என்பதிலிருந்து மேலே உள்ள எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அல்லது அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். படிப்பதைவிடச் சைகையில் பார்ப்பது அவருக்கு எளிதாக இருக்கலாம். அப்படியென்றால் கேப்ஷனை வற்புறுத்தாமல் மொழிபெயர்ப்பாளருக்கு முயற்சி செய்யுங்கள்.

எதுவும் சரியாகவில்லை, பள்ளியும் அசையவில்லை

எழுதிக் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு, காது கேளாத மாணவருக்கு அவருக்கு ஏற்ற மொழியிலும் தொடர்பு முறையிலும் கல்வி தருவதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்குகிறது. 17-ஆம் பிரிவு சைகைமொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்துவதைப் பற்றிச் சொல்கிறது. கடிதத்தில் சட்டப் பிரிவை ஒரு வரியில் எழுதினால் போதும். மிச்ச இடத்தில் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், எந்தப் பாடத்தில் எது தப்பாக வந்தது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். தவறாக வந்த கேப்ஷனின் ஸ்கிரீன்ஷாட் இரண்டை இணையுங்கள். என்ன வேண்டும் என்பதைப் பெயரிட்டுக் கேளுங்கள்: காலர் மைக், குறிப்பெடுத்துத் தர ஒருவர், வாரத்தில் இத்தனை மணி நேரம் மொழிபெயர்ப்பாளர். முதலில் தலைமையாசிரியர் அல்லது முதல்வர். அவரிடம் பதில் இல்லையென்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அதற்கும் மேலே மாநில ஆணையர். கடிதத்தில் மாணவரும் கையெழுத்திடட்டும். அனுப்பும் முன் அவர் முழுவதையும் படித்து, தான் கேட்க நினைத்தது அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.